செனோபியா கொடுத்த இரண்டு மீட்டர்

செனோபியா சுல்காவைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதப் போவதில்லை. லிமாவில் ஒரு கோடிப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறோம். அதில் குன்றின் மேல் இருக்கும் ஒரு துணி துவைக்கிறவளுக்கு யார் இடம் ஒதுக்குவார்கள்? அதனால் நான் எழுதுகிறேன். என் பெயர் ஒலிந்தா. அவளுக்குப் பக்கத்து வீடு. என் மகளுக்கு அவள் ஞானத்தாய். ஆகவே நாங்கள் ஒருவரையொருவர் "கொமாத்ரே" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு முதல் நாளிலிருந்து நான்தான் செயலாளர். நடந்த அநியாயத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் அயாகுச்சோ மலைக்காரி. மலையில் ராணுவமும் கெரில்லாப் படையினரும் மாறி மாறிக் கதவைத் தட்டிய காலத்தில், பத்தொன்பது வயதில், ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு பஸ் ஏறி வந்தாள். அன்றைக்கு வந்தவள் அவள் ஒருத்தியா? ஊர் ஊராக வந்து இறங்கினார்கள். வந்தவர்களை இந்த நகரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடு பெருக்க, குழந்தை பார்க்க, சிமெண்ட் சுமக்க, சாக்கடை அள்ள என்று எல்லாவற்றுக்கும் வா வா என்றது. வேலை முடிந்தால் எங்கே போய்ப் படுப்பாய் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் பதில் சொல்ல வேண்டுமே!

செனோபியா கடலோரப் பணக்காரப் பகுதியில் நான்கு வீடுகளில் துணி துவைத்தாள். அங்கே தோட்டத்துப் புல்லுக்கே காலையும் மாலையும் குழாய்த் தண்ணீர். திரும்பி வந்தால், ஆறு பெண்கள் சேர்ந்து படுக்கிற வாடகை அறை. புதிதாக ஒருத்தி பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் வீட்டுக்காரன் வாடகையை ஏற்றுவான். "புடிக்கலன்னா போ, வாசல்ல பத்துப் பேரு நிக்கிறாங்க" என்பான். அவன் சொன்னதும் பொய்யில்லை, நின்றார்கள். கல்யாணமாகி, அவளும் எராக்லியோவும் அதே அறையில் ஒரு துணித் திரையைக் கட்டிக்கொண்டு எட்டு வருஷம் குடித்தனம் நடத்தினார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், நாற்பத்தோரு குடும்பம் சேர்ந்து இந்தக் குன்றைப் பிடித்தோம். சபினோ தலைவர். ஆளுக்கு நாலு நாணல் பாய், நாலு கழி, ஒரு தேசியக் கொடி. கொடி நட்ட குடிசையை இடிக்கப் போலீஸ்காரன் கொஞ்சம் கூசுவான் என்பது எங்களுக்குத் தெரிந்த சட்டம். கயிறு போட்டு மனை அளந்தோம்: அகலம் ஆறு மீட்டர், நீளம் பதினைந்து. ஒருத்தருக்கும் ஒரு விரல்கடை கூடக் கிடையாது, குறையக் கிடையாது. தினமும் பெயர் கூப்பிடுவோம். மனையில் ஆள் இல்லையென்றால் மனை போச்சு. செனோபியா மூன்று மாதம் அந்தப் பாறையை விட்டு நகரவில்லை. எராக்லியோ சுரங்க வேலைக்குப் போகிறேன், பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பினான். முதல் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அதுவும் நின்றுவிட்டது.

"போனவன் போகட்டும், கடப்பாறைய எடுத்துக்கிட்டுப் போகாம இருந்தானே, அது போதும்" என்றாள். அந்தக் கடப்பாறையால்தான் பாறையைச் சமன் செய்தாள். கல்லை உடைத்து, காரையில்லாமல் அடுக்கி, சரிவைத் தாங்கச் சுவர் எழுப்பினாள். இரண்டு நிலநடுக்கம் வந்தும் அந்தச் சுவரில் ஒரு கல் நகரவில்லை. இஞ்சினியர் வைத்துக் கட்டிய என் சுவரில் விரிசல் இருக்கிறது, வந்து பாருங்கள்.

தண்ணீர் லாரியில் வரும். குன்றின் அடிவாரத்துப் பாதையோரம் வரிசையாக ட்ரம்களை வைத்துவிட்டுக் காத்திருப்போம். குழாய் வைத்திருக்கிற பணக்காரன் கொடுப்பதைப்போலப் பத்து மடங்கு கொடுத்தோம், அதுவும் டிரைவருக்கு மனசு வந்தால்தான். ஒரு தடவை டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னம்மா, ட்ரம்முல பாசி புடிச்சுக் கெடக்கு?" என்றான்.

"ஒன் லாரித் தண்ணியில வர்ற மீனுக்குத் தீனி வேணாமாய்யா?" என்றாள் செனோபியா. வரிசையே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு, அன்றைக்கு ட்ரம் ததும்ப ஊற்றினான்.

ஐந்து வருஷம் கழித்து, குளிர்காலத் தூறல் விடாமல் பெய்த ஒரு வாரத்தில் சபினோவின் மனைவிக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் மேலே ஏறாது. போர்வையில் கிடத்தி நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சேறு வழுக்கிற்று. நான்கு பேரும் அவளோடு சேர்ந்து உருண்டார்கள். அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. மறுநாள் சபை கூடிற்று. படிக்கட்டு கட்டாமல் இனி ஒரு நாளும் முடியாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எங்கே கட்டுவது? ஒரு பக்கம் வீட்டளவு பாறை. இன்னொரு பக்கம் செனோபியாவின் மனை. சபினோ அழுது வீங்கிய கண்ணோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னய்யா எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறீங்க? கேக்கறதுக்கு வாயில்லயா?" என்றாள் செனோபியா. "ரெண்டு மீட்டர் எடுத்துக்குங்க. மிச்ச நாலு மீட்டர் போதும் எனக்கு. உள்ள பந்தா வெளையாடப் போறேன்?"

சபையே எழுந்து கைதட்டியது. நான் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து என் கையால் எழுதினேன்: "பதினான்காம் மனை என்றைக்கும் முழு ஆறு மீட்டர் மனையாகவே கருதப்படும். இந்தக் கொடையால் செனோபியா சுல்காவுக்கு எந்தக் குறையும் வர விடமாட்டோம் என்று சபை உறுதி கூறுகிறது." நாற்பத்தோரு பேர் வரிசையில் வந்து கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். எங்களுக்கு அந்தப் புத்தகம்தான் கோர்ட்டு. கேஸ் சிலிண்டர் திருடினவனை விரட்டியதும், அண்ணன் தம்பி மனைத் தகராறு தீர்ந்ததும் அதில்தான். அதில் ஏறிவிட்டால் யாரும் மீற முடியாது என்று நாங்கள் நம்பினோம். முட்டாள்கள்! நாட்டுக்கும் அதே புத்தகம்தான் என்று நினைத்துவிட்டோம்.

பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை உழைத்துப் படிக்கட்டைக் கட்டினோம். இருநூற்றுப் பன்னிரண்டு படி. வராதவர்களுக்கு அபராதம். மனையைக் கொடுத்தவள் வராமல் இருந்திருக்கலாம். ஒருத்தரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். அவளோ மணல் மூட்டையும் சுமந்தாள், மத்தியானம் எல்லோருக்கும் உருளைக்கிழங்கு சூப்பும் காய்ச்சினாள். கட்டி முடித்த பிறகு நகராட்சி வந்தது. மஞ்சள் பெயிண்ட் அடித்து, தங்கள் பெயரில் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனது. நாங்கள் முதுகு ஒடியச் சுமந்த சிமெண்டுக்கு அவர்கள் பெயர்!

படிக்கட்டு வந்ததும் குன்றின் மதிப்பு ஏறியது. எங்கள் தலைக்கு மேல் புரோக்கர்கள் மனை போட்டு விற்றார்கள். நாற்பத்தோரு குடும்பம் முந்நூறு ஆயிற்று. எல்லோரும் செனோபியாவின் சுவரை உரசிக்கொண்டுதான் ஏறி இறங்கினார்கள். குன்றுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிகள் முளைத்தன. நகரம் வளர்கிறது, வளர்கிறது என்று டிவியில் ஒரே கொண்டாட்டம். எங்களுக்கு மட்டும் அதே லாரி, அதே ட்ரம். குடிநீர் வாரியத்துக்குப் போனால், பட்டா கொண்டு வா என்றார்கள். பட்டா ஆபீஸுக்குப் போனால், அங்கே குடியிருக்கிறாய் என்பதற்குத் தண்ணீர் ரசீது கொண்டு வா என்றார்கள். எனக்கு நரை விழுந்ததே அந்த இரண்டு ஆபீஸுக்கு நடுவில்தான்.

கடைசியில் தண்ணீர் வந்ததும் எங்களுக்காக இல்லை. அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு நீச்சல்குளம் உண்டு. அவர்களுக்குத் தண்ணீர் ஏற்ற எங்கள் உச்சியில் தொட்டி கட்ட வேண்டியிருந்தது. குழாய் எங்கள் படிக்கட்டு வழியாகத்தான் போயாக வேண்டும். போகிற வழியில் எங்களுக்கும் ஆளுக்கொரு இணைப்பு என்று முடிவானது. உடனே பட்டா ஆபீஸிலிருந்து சர்வேயர் ஓடி வந்தார். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணில் படாத நாங்கள் ஒரே வாரத்தில் கண்ணில் பட்டுவிட்டோம்.

சர்வேயர் லெய்வா நல்ல மாதிரிதான் பேசினார். செனோபியாவின் மனையை இரண்டு தடவை அளந்தார். பிறகு பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"செனோபியாம்மா, நாலுக்குப் பதினஞ்சு. அறுபது சதுர மீட்டர்தான் வருது. தொண்ணூறுக்குக் கீழ இருந்தா மனைன்னு எழுத முடியாதுங்க."

"பின்ன என்னன்னு எழுதுவீங்க?"

"மீதித் துண்டுன்னு."

"மீதித் துண்டுலயா இருபத்திரண்டு வருஷம் படுத்து எந்திரிச்சேன்?" என்றாள் அவள். "ஒலிந்தா, அந்தப் பொஸ்தகத்தக் கொண்டாடி!"

நான் ஓடிப்போய்க் கொண்டு வந்தேன். தீர்மானத்தைப் படித்துக் காட்டினேன். நாற்பத்தோரு பேரின் கையெழுத்தையும் கைநாட்டையும் விரல் வைத்துக் காட்டினேன். அவர் மரியாதையாகப் பார்த்துவிட்டு மூடினார்.

"இது நோட்டுப் புத்தகம்மா. ஆவணம் இல்ல."

"சரி, என் பக்கத்துல இருந்து ரெண்டு மீட்டர் எடுத்து அவளுக்குக் குடுங்க. என் அடுப்படிச் சுவர நானே இடிச்சுக்கறேன்" என்றேன்.

"உங்களுதும் சரியாத் தொண்ணூறுதாங்க. ஒரு சாண் போனாலும் உங்களுக்கும் பட்டா இல்ல. இந்த வரிசையில யாருக்கும் அப்படித்தான்."

"அப்ப குடுக்கறவங்களுக்கெல்லாம் தண்டனைன்னு சட்டம் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"சட்டம் நான் எழுதலைங்க" என்றார். எந்த ஆபீஸுக்குப் போனாலும் இதே பதில். எழுதினவனை மட்டும் இந்த ஜென்மத்தில் ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை.

படிக்கட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். அது நகராட்சிச் சொத்தாகப் பதிவாகிவிட்டதாம். அதில் கை வைத்தால் குற்றமாம். அதைவிடப் பெரிய குண்டு ஒன்றையும் லெய்வா போட்டார்: படிக்கட்டின் மேல் யாராவது வழக்குப் போட்டால், அது தீரும்வரை மொத்தக் குன்றுக்கும் தண்ணீர் நிறுத்தி வைக்கப்படும். பட்டா இல்லாதவளுக்குக் குழாய் கிடையாது. குழாய் மட்டும் அவள் சுவரை ஒட்டித்தான் போகும்.

சபை கூடிற்று. நான் எழுந்து சொன்னேன்: "செனோபியாவுக்கும் சேத்துக் குடுத்தாத்தான் நாங்க வாங்குவோம்னு எல்லாரும் எழுதிக் குடுப்போம். அவ குடுக்கலன்னா இங்க படியே கெடையாது."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வர்ற தண்ணியக் கெடுக்காதம்மா. என் புள்ளைக்கு வருஷம் பூரா வயித்தால போவுது."

"மொதல்ல நமக்கு வரட்டும். அவங்களுக்கு அப்பறமா மனுப் போட்டுக்கலாம்" என்றது இன்னொரு குரல்.

சபினோவைப் பார்த்தேன். அன்றைக்கு எங்கே பார்த்தானோ, அதே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் யோசனையை ஏற்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். மூன்று கை எழுந்தது. என் கையும் எழுந்தது. பாதி வழியில் இறங்கிவிட்டது. ஆமாம், இறங்கிவிட்டது! முழங்கால் வீங்கிப்போய் இருபத்திரண்டு வருஷம் வாளி சுமந்தவள் நான். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்ற நினைப்பே எனக்குத் தலையைச் சுற்ற வைத்தது. செனோபியா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி எங்களை எண்ணவும் இல்லை.

செய்த துரோகத்துக்கு மேல் பூச்சு வேண்டுமே! சபினோ ஒரு யோசனை சொன்னான். தண்ணீர் திறப்பு விழாவுக்குச் செனோபியாவே ஞானத்தாயாக இருக்கட்டும் என்றான். எங்கள் ஊரில் குழந்தைக்கு மட்டுமா ஞானத்தாய்? கூரைக்கு உண்டு, சுவருக்கு உண்டு, கக்கூஸுக்குக்கூட உண்டு. ரிப்பன் கட்டித் தொங்கவிட்ட மதுப்புட்டியை ஞானத்தாய் சுத்தியலால் உடைத்தால்தான் எந்த வேலையும் முடிந்ததாகக் கணக்கு. ஞானத்தாய்க்கே தண்ணீர் இல்லாத தண்ணீர் விழா! இதைச் சபை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது என்று என் கையாலேயே புத்தகத்தில் எழுதினேன். அந்தக் கையை என்ன செய்வது?

விழா நவம்பர் மாதம், காலை பதினோரு மணிக்கு. செனோபியா பச்சைப் பாவாடையும், பூ வைத்த தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் வீட்டு வாசலில்தான் எல்லாம் நடந்தது, ஏனென்றால் படிக்கட்டு அங்கேதான் கொஞ்சம் அகலம். வெள்ளை ஹெல்மெட் அதிகாரிகள் ஏழு பேர் வந்தார்கள். மேலே ஏறி வந்த மூச்சிறைப்பு அடங்காமலே ஒருவர் மைக்கைப் பிடித்தார். நகரம் வளர்கிறது, இந்த வளர்ச்சியில் யாரையும் நாங்கள் விட்டுவிடவில்லை என்றார். பேச்சு முடிந்ததும் ரிப்பன் சுற்றிய சுத்தியலைச் செனோபியாவின் கையில் கொடுத்தார்.

அவள் புட்டியைப் பார்க்கவே இல்லை. பாவாடையைச் சுருட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். ஓங்கி, படியின் விளிம்பில் ஒரு போடு போட்டாள். மஞ்சள் பெயிண்டோடு சிமெண்ட் சில்லு தெறித்தது. இன்னொரு போடு.

"இது என்னுது! இந்த ரெண்டு மீட்டரும் என்னுது! நான் குடுத்தேன், எனக்குத் திருப்பி வேணும்!"

"என்னம்மா பண்றீங்க? அரசாங்கச் சொத்தும்மா!" என்று கத்தினார் மைக் பிடித்தவர். "நிறுத்தலன்னா வால்வத் தெறக்க மாட்டோம். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்!"

கூட்டம் முழுக்க "ஐயோ" என்றது. சபினோ நகரவில்லை. காவலுக்கு வந்த போலீஸ்காரன் இரண்டு படி கீழே நின்றான், அவன் கூடத் தயங்கினான். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தது யார் தெரியுமா? நான்தான்.

"விடு கொமாத்ரே" என்றாள்.

"தண்ணிய நிறுத்திடுவாங்கடி. எல்லாரோட தண்ணியும் போயிரும். ஒங் கால்ல விழறேன்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். சுத்தியல் படியில் விழுந்தது. அதிகாரி அதை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, புட்டியைத் தானே உடைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். செனோபியா எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்று பிற்பகல் என் வீட்டில் தண்ணீர் வந்தது. பொய் சொல்லவில்லை, அழுதேன். குழாயின் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு அழுதேன். ஒரு வாரத்துக்குள் பாதையோரத்து ட்ரம்கள் எல்லாம் காணாமல் போயின. செனோபியாவின் ட்ரம் மட்டும் தனியாக நின்றது. முதல் திங்கட்கிழமை லாரி வந்தது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ட்ரம்முக்காக இவ்ளோ தூரம் டீசல் எரிக்க முடியாதும்மா, கோவிச்சுக்காத" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு வரவில்லை.

முன்பு எங்களோடு சேர்ந்து ஏழையாக இருந்தாள். இப்போது தனியாக ஏழையாக இருக்கிறாள். ஐம்பத்து நான்கு வயதில், நான்கு வீட்டுத் துணியைத் துவைத்துவிட்டு வந்து, கீழே சந்தைக் குழாயில் வாளிக்குக் காசு கொடுத்துப் பிடித்து, நூற்றைம்பது படி ஏறுகிறாள். யாரும் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். இணைப்பு வாங்கும்போதே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்: இணைப்பில்லாத இடத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் கொடுத்தவருடைய இணைப்பும் துண்டிக்கப்படும். கொடுக்கிறவளைத் தண்டிப்பதில் மட்டும் இந்த ஆபீஸ்களுக்குள் என்ன ஒற்றுமை! நானும் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

பதினேழு நாள் அவள் வாளியோடு என் ஜன்னலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் பார்த்தால் "காலை வணக்கம்" என்பாள். கொமாத்ரே என்று சொல்வதில்லை. பதினெட்டாம் நாள் என்னால் முடியவில்லை. வந்து துண்டிக்கட்டும், நாசமாய்ப் போகட்டும் என்று ஒரு ஹோஸ் வாங்கி வந்தேன். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, குழாயில் மாட்டி, சுவருக்கு மேலே அந்தப் பக்கம் அவள் தன் முற்றத்துக்குத் தூக்கி வந்திருந்த ட்ரம்முக்குள் விட்டு, திருகினேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. ஹோஸின் முனை சுவர் ஏறித் திரும்பி வந்து, என் கால் மேல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஒன் தண்ணி எனக்கு வேணாம், ஒலிந்தா. என் ரெண்டு மீட்டரக் குடு."